கமரோன்: 1979இல் விழுந்த தொகுப்பு - ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்பெயினின் ஃபிளமெங்கோ பாடகர் கமரோன் 1979இல் வெளியிட்ட 'லா லெயெந்தா தெல் தியெம்போ' (காலத்தின் புராணம்) என்ற இசைத்தொகுப்பு, அதன்பின் அவர் உயிரோடிருந்த பதின்மூன்று ஆண்டுகளில் 6,000 பிரதிகள்கூட விற்கவில்லை. வாங்கியவர்களில் சிலர் "இது கமரோன் இல்லை" என்று இசைத்தட்டைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். இன்றோ அந்தத் தொகுப்பை ஒதுக்கிவிட்டு ஃபிளமெங்கோ வரலாறு எழுதுவார் யாருமில்லை. தட்டில் பதிந்திருப்பது அன்றிருந்ததேதான்.

அப்படியானால் அன்றைய காதுகளுக்கு எது ஒத்துவரவில்லை? 1979க்கு முன்னும் பின்னும் அவர் செய்ததை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பாட்டைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் அவர் மாற்றினார். பாட்டின் தாளக்கட்டில் மட்டும் மரபுக்காரர்களைவிடக் கறாராக இருந்தார். அவருக்கு உண்மையான இழப்புகள் வந்தது இசைப் பரிசோதனையால் அல்ல. ஒன்று மூச்சால் வந்தது, மற்றொன்று பத்திரத்தால்.

வளர்ந்த இடம்

இயற்பெயர் ஹோசே மோன்ஹே குரூஸ். 1950 டிசம்பர் 5 அன்று தென் ஸ்பெயினில் காதிஸ் மாகாணத்தின் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தார். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த ஊர் வெறும் 'லா இஸ்லா', அதாவது தீவு. கிதானோ குடும்பம், ஸ்பெயினின் ரோமா மக்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். அப்பா கொல்லர், அம்மா ஹுவானா கூடை முடைபவர். அம்மா நன்றாகப் பாடக்கூடியவரும்கூட. வெளுத்த தோல், செம்பட்டைத் தலை, ஒல்லி உடம்பு என்றிருந்த பையனுக்கு மாமா ஒருவர் 'கமரோன்' என்று பெயர் வைத்தார். கமரோன் என்றால் கூனிறால். பின்னாளில் ஊர்ப்பெயரும் சேர்ந்து 'கமரோன் தெ லா இஸ்லா' ஆனது.

ஆஸ்துமாவால் அப்பா சீக்கிரமே இறந்துவிட, அம்மா வேலைக்குப் போனார். பையன் எட்டு வயதுவாக்கில் நண்பன் ரான்காப்பீனோவுடன் சேர்ந்து சத்திரங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் சில்லறைக்குப் பாடத் தொடங்கினான். ஊரின் 'வென்தா தெ வர்காஸ்' என்ற சாலையோர உணவகம் இந்தக் கதையில் முக்கியமானது. காதிஸ் வழியாகப் போகும் பெரிய பாடகர்கள் இரவில் அங்கே தங்கிப் பாடுவார்கள். பையனும் அங்கே பாடினான். அதைவிட அதிகமாகக் கேட்டான். ஃபிளமெங்கோ பாட்டை, அதாவது கான்தேயை, எழுதிவைத்துக் கற்கும் வழக்கம் அன்று கிடையாது. யார் எந்த அடியை எங்கே மூச்சு வாங்கிப் பாடினார் என்பதைக் கேட்டுக் கேட்டே பிடிக்க வேண்டும்.

பதினாறாம் வயதில் மைரேனா தெல் அல்கோர் ஊரின் கான்தே ஹோந்தோ (ஆழ்ந்த பாட்டு) விழாவில் முதல் பரிசு. பிறகு நாட்டியக் குழுக்களோடு சுற்றுப்பயணம். 1968இல் மத்ரித் நகரின் 'தோர்ரெஸ் பெர்மெஹாஸ்' தப்லாவோவில் நிலையான வேலை கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அதுதான் அவருடைய தளம்.

தப்லாவோ என்பது இரவுதோறும் ஆட்டமும் பாட்டும் நடக்கும் சிறு மேடை அரங்கு. அங்கே பாடகரின் முதல் வேலை ஆடுபவருக்குப் பின்னால் நின்று பாடுவது. அந்த வேலையில் சலுகை எதுவும் கிடையாது. ஆடுபவர் காலால் அழைப்புக் கொடுத்தால் அடுத்த சுழற்சியின் சரியான தட்டில் எடுப்பு விழவேண்டும். அவர் கால்வேலையில் இறங்கினால் பாட்டு நிற்க வேண்டும். முடித்த கணத்தில் மீண்டும் நுழைய வேண்டும். ஒரு தட்டு தவறினாலும் ஆட்டம் அங்கேயே குலைந்துவிடும், அதுவும் எல்லார் கண்ணெதிரில். கச்சேரி மேடையில் தனியாக உட்கார்ந்து பாடி வளர்ந்தவருக்கும் இந்தப் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் நின்றவருக்கும் உள்ள வித்தியாசம், கமரோனின் புலேரியாவை, அதாவது ஃபிளமெங்கோவின் வேகமான பாடல் வடிவத்தை, கேட்ட முதல் நிமிடத்திலேயே தெரியும்.

தாளமும் சுருதியும் இயங்கும் விதம்

1979இல் நடந்தது புரிய வேண்டுமானால் ஃபிளமெங்கோவின் உள்கட்டமைப்பு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தாளச் சுழற்சிக்குக் கொம்பாஸ் என்று பெயர். பெரும்பாலான கனமான வடிவங்கள் பன்னிரண்டு தட்டில் ஓடுகின்றன. சொலேயா என்ற வடிவத்தில் அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகிய தட்டுகளில் விழும். புலேரியாவிலும் அழுத்தங்கள் அவையேதான். ஆனால் எண்ணிக்கை 12இலிருந்து தொடங்கும். வேகம் நிமிடத்துக்கு 200 தட்டைத் தாண்டும். அதைக் கையால் போட்டுப் பார்க்க விரும்புவோருக்கு: 12-1-2, 3-4-5, 6-7, 8-9, 10-11. அதாவது 3, 3, 2, 2, 2. செகிரியாவும் இதே வட்டந்தான். அதை எட்டாம் தட்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் 2, 2, 3, 3, 2 ஆகிவிடும். தாங்கோஸும் ரும்பாவும் நான்கு தட்டு. ஃபண்டாங்கோவின் அடித்தளம் மூன்று.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. இந்தச் சுழற்சியின் முடிப்பு பத்தாம் தட்டில் விழுகிறது. 11 மௌனமாகவோ கைதட்டலாகவோ கடந்துபோகும். முதல் தட்டில் ஓங்கி அடித்தே பழகிய டிரம்ஸ் வாசிப்பவர் உள்ளே வந்தால், இந்த முடிப்பை மழுங்கடித்துவிடுவார். சுழற்சி பன்னிரண்டாகவே இருக்கும், ஆனால் புலேரியா இருக்காது. கஹோன் என்ற பெட்டிக் கொட்டு ஃபிளமெங்கோவில் நிலைத்ததற்கும் இதுதான் காரணம். பெருவிலிருந்து 1970களின் பிற்பகுதியில் கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா கொண்டுவந்த அந்தப் பெட்டி, ஆடுபவரின் பாத ஒலிக்கும் கைதட்டலுக்கும் நெருக்கமான ஒலி தருகிறது. ஒலி நீண்டு ஒலிக்காமல் உடனே அடங்குவதால் அடுத்த தட்டுக்கு இடம் விட்டுவிடும்.

சுருதி விஷயத்தில் கிதாருக்கு இரண்டு அடிப்படை நிலைகள். 'போர் அர்ரீபா' என்றால் ஈ, நம் கணக்கில் மூன்று கட்டை. 'போர் மேதியோ' என்றால் ஏ, அதாவது ஆறு கட்டை. பாடகரின் குரலுக்கேற்ப செஹீயாவை, அதாவது கேப்போவை, கழுத்தில் ஏற்றி இறக்குவார்கள். போர் மேதியோவில் மூன்றாம் கட்டத்தில் கேப்போ போட்டால் ஆதார சுருதி சி, ஒரு கட்டை. விரல் வடிவங்கள் மாறாது, சுருதி மட்டும் ஏறும். போர் மேதியோவின் இறங்கு வரிசை: டி மைனர், சி, பி ஃபிளாட், ஏ.

பாட்டின் ஸ்வரங்கள் ஹனுமத்தோடியினுடையவை. ஆனால் அடியில் ஒலிக்கும் ஆதார கார்டு மேஜர் என்பதால் அந்தர காந்தாரமும் கூடவே வரும். அங்கே வகுளாபரணம் எட்டிப் பார்க்கும். பாடகர் இந்த இரண்டு காந்தாரங்களுக்கும் இடையிலும், ரிஷபத்தைச் சுற்றியும், பியானோவின் எந்தக் கட்டையிலும் சிக்காத இடங்களைத் தொட்டு வருவார். கிதாரின் ஒலி சட்டென்று தேய்ந்துவிடுவதால் உரசல் கேட்காது. ஆர்கனோ சிந்தசைஸரோ வயலின் கூட்டமோ அடியில் நீண்டு நிற்கும்போது அந்த உரசல் வெட்டவெளிச்சமாகிவிடும். 1979 தொகுப்பிலும், பின்னர் ஆர்க்கெஸ்ட்ராவோடு வந்த 1989 தொகுப்பிலும் எது எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை என்பதில் பாதி இந்த ஒரு காரணத்துக்குள் அடங்கும்.

பாக்கோவோடு ஒன்பது தொகுப்புகள்

1969 முதல் 1977 வரை பாக்கோ தெ லூசியாவின் கிதாரோடு ஒன்பது தொகுப்புகள். பாக்கோவின் தந்தை அந்தோனியோ சான்செஸ் தயாரிப்பாளர்; பாடல் வரிகளிலும் அவர் பங்கு பெரிது. அட்டையில் கமரோன் பெயரும், பாக்கோவின் 'சிறப்பு ஒத்துழைப்பும்' இருக்கும். ஆண்டுக்கொரு தொகுப்பு என்பது அக்கால ஃபிளமெங்கோவுக்குக் கடுமையான வேகம்.

இந்தக் காலத்தை மரபுக்காலம், 1979க்குப் பின்னால் வருவதைப் புதுமைக்காலம் என்று கோடு கிழிப்பது வழக்கம். அந்தக் கோடு சரியில்லை. மாற்றம் அப்போதே நடந்துகொண்டுதான் இருந்தது, குரலுக்குள்ளும் விரலுக்குள்ளும்.

கான்தேயில் ஒவ்வொரு அடிக்கும் 'தெர்சியோ' என்று பெயர். சொலேயாவில் மூன்று அல்லது நான்கு அடிகள், அடிக்கு எட்டு அசை. பொதுவாக ஒரு தெர்சியோ முடிந்ததும் மூச்சு வாங்கி, கிதாருக்கு வழிவிட்டு, அடுத்ததைத் தொடங்குவார்கள். கமரோன் இரண்டு அடிகளை ஒரே மூச்சில் கோத்துவிடுவார். முதல் அடியின் முடிவில் வரவேண்டிய ஓய்வை விழுங்கிவிட்டு, அடுத்த அடியின் முதல் அசையை எதிர்தட்டில் போடுவார். கேட்பவருக்குத் தாளம் தப்பிவிட்டதோ என்று ஒரு கணம் பதறும். பத்தாம் தட்டில் கச்சிதமாக வந்து நிற்பார். பிருகாக்கள் குறுகலானவை, வேகமானவை, குரலின் மேல் எல்லையில் நடப்பவை. கரகரத்த தடித்த குரல்தான் கிதானோ குரல் என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. இவருடையது மெல்லிய, கூர்மையான குரல். கரகரப்பு அதன் விளிம்பில் மட்டும் இருக்கும்.

பாக்கோ இதற்கு ஈடுகொடுத்த விதம் தனிப் பாடமாக வைக்கத் தக்கது. பழைய துணைக் கிதார் பாடகரைப் பின்தொடரும்: அவர் இழுத்தால் காத்திருக்கும், முடித்தால் பதில் சொல்லும். பாக்கோவின் கிதார் தாளத்தை விட்டுக்கொடுக்காமல் ஓடியது. பாடகரும் அதே ஓட்டத்தில் இருந்தே தம் நீட்டல்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தேவைப்பட்டால் ஆறு தட்டு, அதாவது அரைச் சுழற்சி, கூடும். அதற்கு மரபில் அனுமதி உண்டு. ஐந்தோ ஏழோ கூடாது. இருவரும் அந்தக் கணக்கைப் பேசாமலே பகிர்ந்துகொண்டார்கள் என்பது பதிவுகளில் கேட்கிறது.

1972இன் 'கனஸ்தேரா' தொகுப்பில் இருவரும் அதே பெயரில் ஒரு புதிய பாடல் வடிவத்தையே உருவாக்கினார்கள். கனஸ்தேரா என்றால் கூடை முடைபவள், அம்மாவின் தொழில். ஃபண்டாங்கோவின் அடித்தளத்தில் எழுந்த அந்த வடிவத்தை மற்றவர்கள் அதிகம் எடுத்துப் பாடவில்லை. நல்ல மெட்டு என்பது மட்டும் ஒரு வடிவத்தை நிலைநிறுத்தாது. வேறு பாடகர்கள் தம் ஊர்ச் சங்கதியைப் போட்டுப் பாட அதில் இடமிருக்க வேண்டும். கனஸ்தேரா இவ்விருவரின் கைக்கும் குரலுக்கும் அளவெடுத்துத் தைத்தது போல இருந்துவிட்டது.

1979: என்ன சேர்த்தார்கள்

1977க்குள் பாக்கோ உலகச் சுற்றுப்பயணங்களில் மூழ்கியிருந்தார். கமரோன் தயாரிப்பாளரை மாற்றினார். செவிய்யா நகரின் ரிகார்தோ பச்சோன் அப்போது லோலெ-மனுவேல் இணையையும், வெனேனோ என்ற ராக்-ஃபிளமெங்கோக் குழுவையும் தயாரித்திருந்தவர். செவிய்யாவுக்கு அருகே உம்ப்ரெத்தேயில் இருந்த பச்சோனின் வீட்டில் ஒத்திகை. கிதாருக்கு அல்மேரியாவின் இருபது வயது இளைஞர் தொமாத்தீத்தோ. வெனேனோவிலிருந்து ரைமுந்தோ அமதோரும் கிக்கோ வெனேனோவும். அலமேதா என்ற ராக் குழுவின் வாத்தியக்காரர்கள். புல்லாங்குழலுக்கு ஹோர்ஹே பார்தோ, தாளத்துக்குப் பிரேசில்காரர் ரூபெம் தாந்தாஸ். சித்தாருக்கு குவால்பெர்த்தோ.

பத்துப் பாடல்கள். பாதிக்கு மேல் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்கா சார்ந்தவை. 1936இல் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் அவர். சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975இல் இறந்தபின் லோர்காவின் பெயரைத் தடையின்றிச் சொல்ல முடிந்த காலம் அது. தலைப்புப் பாடலின் வரிகள் அவருடைய ஒரு நாடகத்திலிருந்து வந்தவை. கடைசிப் பாடலான 'பெரிய குதிரையின் தாலாட்டு' மற்றொரு நாடகத்திலிருந்து. இதில் ஒரு வேடிக்கை. 1922இல் கிரனாதாவில் கான்தே ஹோந்தோவைக் காப்பாற்றவென்று போட்டி நடத்தியவர்களில் லோர்காவும் ஒருவர். தூய்மைவாதிகள் தலையில் வைத்துக் கொண்டாடிய கவிஞரின் வரிகள்தான், அவர்கள் தூக்கியெறிந்த தட்டில் இருந்தன.

அட்டையும் மாறியது. கறுப்பு-வெள்ளைப் படம், தாடி, சிகரெட் புகை; பெயரில் 'தெ லா இஸ்லா' இல்லை, வெறும் கமரோன். தட்டைப் போட்டுக் கேட்பதற்கு முன்பே வாங்கியவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பாடல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால் கிடைப்பது வேறு படம். தலைப்புப் பாடல் ஹலேயோஸ் என்ற எஸ்த்ரெமதூரா வட்டாரத் தாளம்; பன்னிரண்டின் குடும்பந்தான். 'ரொமான்சே தெல் அமார்கோ' புலேரியா போர் சொலேயா. லோர்காவின் 'என் பெண் கடலுக்குப் போனாள்' காதிஸ் பக்கத்துக் கான்தீஞ்யாஸ் மெட்டில் இருக்கிறது. 'பாயியா தெ காதிஸ்' அலெக்ரியாஸ், அதுவும் ஆட்டத்துக்குரிய வகை. பிறகு தாங்கோஸ், புலேரியா. மரபுக்கு வெளியே இருப்பதென்று சொல்லத்தக்கவை மூன்று: 'லா தராரா' என்ற நாட்டுப்பாடல், கிக்கோ வெனேனோவின் 'வொலாந்தோ வோய்' என்ற ரும்பா, சித்தாரோடு வரும் தாலாட்டு. ரும்பாவும் தாலாட்டும்கூட ஃபிளமெங்கோவில் முன்பே இருந்த வகைகள்தான்.

குரலை மட்டும் தனியாக உருவி எடுத்து இரண்டு கைதட்டலும் ஒரு கிதாரும் வைத்துக் கேட்டிருந்தால், 1979இன் எந்தக் கிதானோ வீட்டிலும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். சுளிக்க வைத்தவை பேஸ் கிதார், டிரம்ஸ், மின் கீபோர்டு.

அன்றைய சூழலையும் சொல்ல வேண்டும். 1962இல் கோர்தொபாவில் 'கான்தேயின் தங்கச் சாவி' விருதைப் பெற்ற அந்தோனியோ மைரேனா, பழைய வடிவங்களைத் தேடித் திரட்டி, எது தூயது என்று வகுத்துக் கொடுத்திருந்தார். அவருடைய உழைப்பு பெரிது. பல பாடல்கள் அவரால்தான் பிழைத்தன. ஆனால் அதன் பக்கவிளைவாக, வடிவம் என்பது கிதாரும் குரலும் கைதட்டலும் மட்டுமே என்று கேட்பவர்கள் மனத்தில் உறைந்துபோனது. கமரோன் வடிவத்தைத் தொடவில்லை, வாத்தியங்களை மாற்றினார். கேட்டவர்கள் இரண்டையும் ஒன்றென எண்ணியிருந்தார்கள்.

குறை இல்லாமலும் இல்லை. சில இடங்களில் மின் கீபோர்டின் நீண்ட ஒலி, குரலின் இடைச்சுருதிகளோடு மோதுகிறது. குழுவாக வாசிப்பதற்கென்று முன்பே சுழற்சிகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்துவிட்டதால், கமரோன் விரும்பிய இடத்தில் அரைச் சுழற்சி கூட்டும் சுதந்திரம் குறைகிறது. தலைப்புப் பாடலில் இது பாதிக்கவில்லை, ஏனென்றால் அந்த வேகத்தில் அவர் இழுக்க நினைக்கவே இல்லை. மிக நன்றாக ஒட்டிய வாத்தியம் யாரும் எதிர்பாராதது: சித்தார். அதன் தந்தியை இழுத்து வளைக்க முடியும். அடியில் சுருதித் தந்திகள் ஓடும். குரல் போகும் இடத்துக்கு அதனாலும் போக முடிகிறது.

பிறகு

1981இல் 'கோமோ எல் ஆகுவா' (தண்ணீரைப் போல). பாக்கோ திரும்பி வந்தார், தொமாத்தீத்தோவும் இருந்தார். இரண்டு கிதார்கள் முன்னால், மற்ற வாத்தியங்கள் அடக்கமாகப் பின்னால். தலைப்புப் பாடல் தாங்கோஸ், நான்கு தட்டு. பாக்கோவின் அண்ணன் பெப்பே தெ லூசியாவின் ஆக்கம். மக்கள் ஏற்றார்கள். இதை 'பின்வாங்கல்' என்று எழுதுபவர்கள் உண்டு. கூர்ந்து கேட்டால் 1979இல் கற்றதெல்லாம் அதில் இருக்கிறது: பேஸ் இருக்கிறது, தாள வாத்தியம் இருக்கிறது. எந்த வாத்தியம் நீண்டு ஒலிக்கக்கூடாது, எது பத்தாம் தட்டுக்கு வழிவிட வேண்டும் என்ற ஒழுங்கு வந்துவிட்டது. 1983இல் 'காய்யே ரெயால்', 1984இல் 'விவிரே' என அதே வழியில் தொடர்ந்தன. இன்று எந்த ஊர் ஃபிளமெங்கோ மேடையிலும் நிற்கும் கிதார், கஹோன், பேஸ், புல்லாங்குழல் என்ற அணிவகுப்பு இந்தப் பத்தாண்டில், பாக்கோவின் குழுவிலும் கமரோனின் பதிவுகளிலுமாகச் சேர்ந்து உருவானது.

1989இல் 'சோய் ஹிதானோ' (நான் கிதானோ). பச்சோன் தயாரிப்பு, லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா. ஃபிளமெங்கோவில் மிக அதிகம் விற்ற தொகுப்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் நிகழ்வு ஆய்வாகப் பார்த்தால் 1979ஐவிட இதுதான் அபாயமான முயற்சி. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் எழுதிய தாளைப் பார்த்து, நடத்துநர் கையைப் பார்த்து வாசிப்பவர்கள். பன்னிரண்டுத் தட்டை மேற்கத்திய முறையில் எழுதினால் ஆறுக்கு எட்டும் மூன்றுக்கு நான்கும் மாறி மாறி வரும். கணக்கு சரியாக இருக்கும். ஆனால் வயலின் கூட்டத்தின் ஒலி எழும்ப ஒரு நொடிப்பின்னம் கூடுதலாக ஆகும். நிமிடத்துக்கு 200க்கு மேல் ஓடும் தாளத்தில் அந்தத் தாமதம் சுமையாகத் தெரியும். ஆகவே ஆர்க்கெஸ்ட்ரா நன்றாக உட்கார்ந்த இடங்கள் வேகம் குறைந்தவை, அல்லது தாளக்கட்டு தளர்ந்தவை.

மூச்சு

மேலே சொன்ன பாணி முழுவதும் ஒரே ஒரு உறுப்பை நம்பியது. இரண்டு தெர்சியோக்களை ஒரே மூச்சில் கோப்பதற்கு நுரையீரல் வேண்டும். கமரோன் ஓயாமல் புகைத்தார். 1980களில் ஹெராயினும் சேர்ந்தது. ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளுக்கு வராமல் போவது வழக்கமானது. அரங்கம் நிறைந்து காத்திருக்கும். பாடகர் வருவாரா என்பது கடைசி நிமிடம் வரை நிச்சயமில்லை. வந்தால் பாரிஸ் 1987 போன்ற இரவுகள் கிடைக்கும். அங்கே குளிர்கால சர்க்கஸ் அரங்கில் தொமாத்தீத்தோவோடு பாடியது 1999இல் தொகுப்பாக வெளிவந்தது. மேடைக் கமரோனை அறிய அதைவிடச் சிறந்த பதிவு இல்லை என்பது எங்கள் கருத்து.

பிற்காலப் பதிவுகளில் குரல் மாற்றத்தைக் காது பிடிக்கிறது. கோப்பு குறைகிறது, அடிகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, நீண்ட கார்வைகளை முன்கூட்டியே முடித்துவிடுகிறார். கேட்பவர் மயங்கும் அந்த உடைந்த கரகரப்பு கூடுகிறது. அதை ஆழம் என்று கொண்டாடும் பழக்கம் இருக்கிறது. பாதி ஆழந்தான், மறுபாதி நோய்.

கடைசித் தொகுப்பு 'பொத்ரோ தெ ராபியா இ மியேல்' (வெறியும் தேனுமான குதிரைக்குட்டி), 1992. பாக்கோவும் தொமாத்தீத்தோவும் கிதார். உடல்நிலை இடங்கொடுத்தபோது எடுத்த குரல் துண்டுகளைக் கோத்து முடிக்கப்பட்டது. மத்ரித்தில் சான் ஹுவான் எவான்ஹெலிஸ்தா மாணவர் விடுதி அரங்கில் 1992 ஜனவரி 25 அன்று பாடியதுதான் கடைசிக் கச்சேரி. நுரையீரல் புற்றுநோய், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை வரை போய்ப் பார்த்தார்கள். ஜூலை 2 அன்று பார்சலோனாவுக்கு அருகே பதலோனாவில் இறந்தார். வயது 41. மனைவி தொலோரெஸ் மொந்தோயா, 'லா சீஸ்பா', நான்கு பிள்ளைகள். உடல் சான் ஃபெர்னாண்டோவுக்கு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள்.

பத்திரம்

இறந்தபின் எழுந்த தகராறு உரிமைத்தொகை பற்றியது. பாடல்கள் ஆக்கியோர் சங்கத்தில் பதிவாகும்போது வரிக்கு ஒருவர், இசைக்கு ஒருவர் என்று பெயர் கேட்பார்கள். பாக்கோவோடு வந்த தொகுப்புகளில் ஆக்கியோர் பெயர்கள் பெரும்பாலும் சான்செஸ் குடும்பத்தினருடையவை. கமரோன் பெயர் மிகக் குறைவு. அவர் குடும்பத்தின் தரப்பு, மெட்டின் உருவாக்கத்தில் அவருக்கும் பங்குண்டு என்றது. பாக்கோ அதை மறுத்தார். பொதுவெளியில் வந்த குற்றச்சாட்டு அவரை மிகவும் புண்படுத்தியது. இருபதாண்டு நட்புக்குப் பிறகு இப்படி முடிந்தது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இங்கே வேலையில்லை. சிக்கல் எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டலாம். சொலேயாவின் மெட்டு யாருக்கும் சொந்தமில்லை, மரபுடைமை. எனவே 'இசை' என்ற கட்டத்தில் பதிவாகக்கூடியது கிதார் அமைப்பும் புதிதாக எழுதிய மெட்டுகளும். அந்த மரபு மெட்டுக்குள் ஒரு பாடகர் அடிகளைக் கோத்து, எடுப்பைத் தள்ளி, பிருகாவை வேறு திசையில் திருப்பிச் செய்த வேலைக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. நிகழ்த்துநர் என்ற பங்கு மட்டும் மிஞ்சும். வாய்மொழியாக வளர்ந்த எந்த இசையும் பதிவு அலுவலகத்துக்குள் நுழையும்போது இந்த இடத்தில்தான் இடறும். கமரோன் தாமே பத்திரங்களில் அக்கறை காட்டியவரும் இல்லை.

2000இல் தென் ஸ்பெயினின் ஆந்தலூசிய அரசு அவருக்கு மறைவுக்குப்பின் தங்கச் சாவி வழங்கியது. மைரேனாவுக்கு அடுத்து அதைப் பெற்றவர் அவர்தான்.

கேட்கும் வரிசை

மேலே சொன்னதைக் காதால் சோதிக்க நான்கு பாடல்கள் போதும். முதலில் 1969 தொகுப்பிலிருந்து ஏதாவது ஒரு சொலேயா. 3, 6, 8, 10, 12 என்று விரல்விட்டு எண்ணி, அடிகளுக்கு நடுவே மூச்சு எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 1979இன் தலைப்புப் பாடல். டிரம்ஸை மறந்து கைதட்டலோடு மட்டும் போங்கள். தட்டு தவறினால் 10ஐத் தேடுங்கள், 1ஐ அல்ல. மூன்றாவதாக 'கோமோ எல் ஆகுவா'. தாங்கோஸ் என்பதால் எண்ணுவது எளிது, அதனால் காது முழுவதையும் குரலின் எதிர்தட்டு எடுப்புகளுக்குக் கொடுக்கலாம். கடைசியாக 'பெரிய குதிரையின் தாலாட்டு' இரண்டு முறை: 1979இல் சித்தாரோடு, 1989இல் ஆர்க்கெஸ்ட்ராவோடு. இரண்டிலும் ரிஷபத்துக்கு இறங்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். வயலின்கள் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சித்தார் அவரோடு கூடவே வழுக்கிக்கொண்டு போகும்.